இடதுபக்கப் பெட்டி

மகள் இறந்த பிறகு மனைவி கூடத்துக்கு வருவதுமில்லை, வாய் திறப்பதுமில்லை. அவளை எப்படியாவது வரவைக்கத்தான் பழைய இசைத்தட்டு பிளேயர் ஒன்றை வாங்கித் தூக்கி வந்தேன். மச்சினன் புது வயர் போட்டு ஸ்பீக்கர் பெட்டிகளோடு இணைத்தான்.

"மாமா, மூட்டை தூக்குற கையால வால்யூமத் திருகாதீங்க. கழண்டு கையோட வந்துரும்."

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டுகள் உள்ள தட்டைப் போட்டேன்; பாட்டு ஓடியது. மனைவி வந்து உட்கார்ந்தாள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் இடதுபக்கப் பெட்டியருகே யாரோ பாட்டோடு சேர்ந்து முணுமுணுப்பது கேட்டது.

"வயர இடம் மாத்திப் பாப்போம். தட்டுல உள்ள சத்தம்னா அதுவும் அந்தப் பக்கம் போயிரும்," என்றான் மச்சினன்.

மாற்றினான். இடதுபக்கம் கேட்ட வயலின் வலதுபக்கம் போனது. முணுமுணுப்பு போகவில்லை. இடதுபக்க வயரையே பிடுங்கினான். பெட்டி ஊமையானது. முணுமுணுப்பு நிற்கவில்லை. அவன் வயரைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

தட்டு ஓடி முடிந்ததும் ஊசியைத் தூக்கி வைத்தேன். சத்தமில்லாத கூடத்தில், அதே இடத்திலிருந்து, தட்டின் மறுபக்கத்து முதல் பாட்டு மெல்லத் தொடங்கியது.

மனைவி என்னைப் பார்த்தாள்.

"திருப்பிப் போடுங்க. எவ்வளவு நேரந்தான் பிள்ள தனியாவே பாடும்?"