மேலே ஒரு பேர்

கலெக்டர் வந்திருக்கிறார் என்று பண்ணையாள் கண்ணுசாமி வந்து சொன்னதும், மிராசுதார் துரைக்கண்ணு வாயிலிருந்த வெற்றிலையை அப்படியே விழுங்கிவிட்டார்.

நில உச்சவரம்புச் சட்டம் வந்ததிலிருந்தே அவருக்குச் சரியான தூக்கமில்லை. சட்டத்துக்குத் தப்ப, வாய்க்காலோர நஞ்சையைக் கண்ணுசாமி பேருக்கு மாற்றிப் பட்டாவும் வாங்கி வைத்திருந்தார். அது கண்ணுசாமிக்கே தெரியாது.

கூடத்தில் கோட்டுப் போட்டவர் உட்கார்ந்திருந்தார். பெயர் ஜெக்கரியா என்றார். ஜீப் இல்லை, டவாலிச் சேவகன் இல்லை. திருவையாறு பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார். கழுத்துக் கயிற்றில் ஒரு குட்டிப் பூதக்கண்ணாடி வேறு. சொல்லாமல் கொள்ளாமல் வந்து பத்திரத்தைச் சோதிக்கிற கெட்டிக்காரர் போலிருக்கிறது என்று துரைக்கண்ணு நினைத்துக்கொண்டார்.

அதற்குள் கலெக்டரைப் பார்க்கத் தெருவே வாசலில் கூடிவிட்டது. கர்ணமும் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்களும் முன்னால் நின்றார்கள்.

கண்ணுசாமி சீவிக் கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டு ஜெக்கரியா நிதானமாக ஆரம்பித்தார்.

"உங்ககிட்ட இருக்கறதைப் பத்திக் கேள்விப்பட்டுத்தான் வந்தேங்க. இப்பல்லாம் மேலே ஒருத்தர் பேர் இருக்கு, உள்ளே பார்த்தா வேற ஒருத்தரோடதா இருக்கு. அதை நான் ஏத்துக்கறதில்லை. யார் பேர் போட்டிருக்கோ, முழு வேலையும் அவங்களே செஞ்சிருக்கணும்."

பட்டா விஷயம் வெளியாகிவிட்டது என்று துரைக்கண்ணு முடிவு கட்டினார். உண்மையைச் சொன்னால் நிலமும் போகும், மானமும் போகும். மானத்தையாவது காப்பாற்றிக்கொள்வோம் என்று எழுந்து நின்று, வாசலுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"எங்கிட்ட அந்தக் கள்ளமெல்லாம் கிடையாதுங்க. வாய்க்காலோர நஞ்சை கண்ணுசாமி பேர்லதான் இருக்கு. உழறது, நடறது, அறுக்கறது எல்லாம் அவன்தான். நிலம் அவனுது. எனக்கு அதுல ஒரு பாத்தியதையும் இல்லீங்க."

கண்ணுசாமியின் கையிலிருந்து அரிவாள் நழுவிக் கீழே விழுந்தது.

ஜெக்கரியா குழம்பிப்போனார். "நிலமா? உங்க அப்பா சீமையிலேர்ந்து கொண்டாந்த கடிகாரத்தைக் கேட்டேங்க. உள்ளே இருக்கிற மிஷினையும் மேலே பேர் போட்டிருக்கற கம்பெனியே செஞ்சதான்னு திறந்து பார்க்கணும். நான் பழைய கடிகாரம் சேர்க்கிற கலெக்டர்."

துரைக்கண்ணு மெதுவாக வாசலைப் பார்த்தார். ஒருவரும் நகரவில்லை. கர்ணம் மட்டும் இருமிக்கொண்டார்.

கூட்டத்தில் நின்ற கண்ணுசாமியின் மனைவி ராசம்மாள் இடுப்பிலிருந்த சாணிக்கூடையை இறக்கி மிராசுதார் வாசலிலேயே வைத்தாள். புருஷனைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்.

"வாய்யா, நம்ம வயலுக்குத் தண்ணி பாய்ச்சணும்."