ஆர்கிட்டுக்குப் பல்லி பேசிய பேச்சு

திலகவதி வீட்டு ஜன்னலோரம் ஒரு ஆர்கிட் செடி வாடிக் கிடந்தது. காலையில் அரிசி கழுவிய தண்ணீர், மாலையில் வெங்காயத்தோல் ஊறிய தண்ணீர் என்று அவள் செய்த வைத்தியத்திலேயே வேர் அழுகிக்கொண்டிருந்தது.

"இன்னொரு டம்ளர் ஊத்தலாமோ?" என்று ஒருநாள் யோசித்தாள்.

சுவரிலிருந்த பல்லிக்குப் பொறுக்கவில்லை. "வேண்டாம், வேண்டாம்!" என்று கத்தியது. திலகவதியின் காதில் அது "இச், இச்" என்றுதான் விழுந்தது.

"பல்லியே நல்ல வாக்கு சொல்லிடுச்சு!" என்று இரண்டு டம்ளர் ஊற்றிவிட்டாள்.

அவள் போனதும் ஆர்கிட் கெஞ்சியது. "அண்ணே, நீங்க எனக்காகப் பேசினது போதும். கொஞ்ச நாளைக்கு வாயை மூடிக்கிட்டு இருங்க, புண்ணியமாப் போகும்."

பல்லி வாயை மூடிக்கொண்டது. அன்றுமுதல் பல்லி வாக்குக்குக் காத்திருந்த திலகவதியும், சகுனம் கிடைக்காததால் ஊற்றுவதை நிறுத்தினாள். தொட்டி காய்ந்தது. மூன்றாவது வாரம் பச்சை நுனியோடு ஒரு புது வேர் எட்டிப் பார்த்தது.

திலகவதி பூரித்துப்போனாள். "எல்லாம் என் வெங்காயத் தண்ணியோட மகிமை!"

மூன்று வாரமாக வாயை அடக்கிவைத்திருந்த பல்லியால் இதை மட்டும் தாங்க முடியவில்லை. "பொய், பொய்!" என்றது.

"பாரு, பல்லியும் ஆமாங்குது!" என்று திலகவதி டம்ளரை வைத்துவிட்டுச் சொம்பை எடுத்தாள்.