ஊதா முகங்கள்

"நிமியா, உன் ஊதா முகங்களைப் பார்த்துத்தான் கூப்பிட்டேன். அசுன்சியோன் நகரம் முழுக்கத் தேடினாலும் இப்படி வரையிறவங்க கிடையாது. இங்கே வந்து ஏன் ஊரே வரையிற மாதிரி வரையிறே?"

சிறுவர் புத்தகங்களுக்குக் கணினியில் படம் வரையும் நிறுவனத்தின் தலைவர் தோன் எலாடியோ, ஜில்லென்ற தெரெரே பானக் குவளையை அவளிடம் நீட்டினார்.

நிமியா சுவரில் ஒட்டியிருந்த தன் படத்தின் அச்சையே பார்த்தாள். "நான் எதையும் மாத்தலை, தோன் எலாடியோ. வீட்டுல வரைஞ்ச மாதிரியேதான் வரையிறேன்."

"சாயங்காலம் வரைக்கும் பார்க்கிறேன். அந்த ஊதா வந்தா வேலை உனக்கு. இல்லேன்னா வேற ஆள்."

"ஊதாவை எடுத்து அப்பேன்டி, என்ன கஷ்டம்?" என்றாள் பக்கத்து மேசை ருஃபினா.

அப்பிப் பார்த்தாள். முகங்கள் அடிவாங்கி வீங்கியவைபோல் இருந்தன. அழித்தாள். மதியம் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனவள், போர்வை சுற்றிய மூட்டையோடு திரும்பினாள்.

உள்ளே அவளது பழைய கணினித் திரை. அதை இணைத்து, சுவரிலிருந்த அதே படத்தைத் திறந்தாள். திரையில் முகங்கள் ஊதாவாக இல்லை. சாதாரண மாநிறம்.

"இதுல நீலம் சரியா தெரியாது. மனுஷ நிறம் வர்ற வரைக்கும் நீலத்தைக் கூட்டிக்கிட்டே போவேன். ஊதான்னு இங்கே வந்துதான் எனக்கே தெரியும்."

ருஃபினா விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்போ வேலையை இந்தத் திரைக்குக் கொடுங்க, தோன் எலாடியோ!"

"கொடுத்தாச்சு" என்று எலாடியோ வேலை ஒப்பந்தத்தை நிமியாவிடம் தள்ளினார். "அதுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதே. நீ போடும்மா."