மூங்கிலுக்குப் பின்னால் செயலாளர்

சித்தூரில் தனராஜ் வீட்டுப் பின்பக்கம். மாலை வெயில் துவைக்கும் கல்லின்மேல் சாய்ந்து கிடக்கிறது. போன ஞாயிறு திருச்சபையில் குடும்பத் தலைவனின் மாண்பைப் பற்றி மேசையைத் தட்டித் தட்டிப் பேசிய சபைச் செயலாளர் தனராஜ், இப்போது குழாயடியில் குந்தி, ஒரு கையில் அடிபிடித்த சட்டியும் மறுகையில் தேங்காய் நாருமாக இருக்கிறார். மனைவி லோயிசுக்கு முதுகுவலி வந்ததிலிருந்து பாத்திரம் கழுவுவது அவர் பாடு. அக்கம்பக்கத்துக்குத் தெரிந்தால் மாண்பு என்னாவது? அதற்காகத்தான் மறைவுக்கென்று நர்சரியிலிருந்து மூன்று செடித் தொட்டிகள் ஆட்டோவில் வந்திருக்கின்றன. பக்கத்து வீட்டார் கண்ணுக்குத் தெரியுமா என்று லோயிஸ் மதிலோரம் நின்று பார்க்கிறாள். "குரோட்டன்ஸ் பின்னாடி தெரியறனா?" "தல மின்னிக்கினு கீது." குந்தியபடியே வாத்துபோல நகர்ந்து அரளிக்குப் போகிறார். "இங்க?" "முட்டி தெரியுது." கடைசியாக மூங்கில். இலைகள் சலசலக்கின்றன, சோப்பு நுரை கல்லிடுக்கில் மெல்ல அடங்குகிறது. "நீங்க எங்கன்னே தெரிலங்க," என்கிறாள் லோயிஸ். தனராஜின் முகத்தில் ஆசீர்வாதம் சொல்லி முடித்த நிறைவு.

பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் துணி உதறும் சத்தம் நிற்கிறது. மேலேயிருந்து ருக்மணியின் குரல் இறங்கி வருகிறது. "அண்ணா, மூங்கில் வாணாம். எல கொட்டிக்கினே இருக்கும். நீங்க தெனம் பளபளன்னு வெளக்கிக் கவுக்கறீங்க, அதும்மேல வுழுந்தா மறுபடி கழுவணும்."

லோயிஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். மூங்கிலுக்குப் பின்னால் நார் சட்டியில் தேயும் சத்தம் நிதானமாகத் தொடங்குகிறது.

"அப்ப எல கொட்டாதது எதும்மா?"