சத்யப்பிரியா எழுதிய கணக்கு

செல்வநாதன் விட்ட முதல் அறையிலேயே வேலுமணியின் உதடு கிழிந்தது. இரண்டாவது அறையில் அவர் பிளாஸ்டிக் நாற்காலியோடு சேர்ந்து தரையில் விழுந்தார்.

"பொண்டாட்டியப் பெல்ட்டால அடிக்கிற நாய்க்கு ஸ்கூல்ல என்னடா வேலை?"

முன்வரிசைப் பெற்றோர் எழுந்து ஒதுங்கினார்கள். பின்வரிசையிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து, தங்கள் பங்குக்கு வேலுமணியின் முதுகில் மிதித்தார்கள்.

பகல் பதினொரு மணி. டவுன்ஷிப் பள்ளியின் அரங்கில் கணக்குக் கதை விழா. பிள்ளைகள் சொந்தமாக ஒரு கதை எழுதி வர வேண்டும். அதற்குள் ஒரு கணக்கு இருக்க வேண்டும். மேடையில் படிக்கும்போது கூட்டம் விடை சொல்ல வேண்டும். தமிழாசிரியர் செல்வநாதனும், அவர் மனைவியான கணக்கு டீச்சர் டெய்சியும் மூன்று வருடமாகச் சேர்ந்து நடத்தும் விழா.

"தமிழும் கணக்கும் கல்யாணம் பண்ணிக்கிட்டா இப்படித்தான் அமோகமா இருக்கும்" என்று தலைமையாசிரியை திலகவதி தொடக்கத்தில் சொன்னபோது அரங்கமே கைதட்டியது.

முதல் ஐந்து கதைகளும் சிரிப்பும் விசிலுமாகப் போயின. முந்திரிக்கொட்டையைப் பங்கு போட்ட அணில், கம்பெனி பஸ்ஸில் ஏறிய பேய். ஆறாவதாக மேடை ஏறியவள் எட்டாம் வகுப்பு சத்யப்பிரியா. அவளுடைய அப்பாதான் வேலுமணி. வளையமாதேவி கிராமத்துக்காரர், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. அம்மா சாமியம்மாள் டவுன்ஷிப்பில் அதிகாரிகளும் ஆசிரியர்களும் குடியிருக்கும் மூன்று குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்பவர். சாயங்காலங்களில் மகளையும் கூட அழைத்துப் போவார்.

சத்யப்பிரியா நடுங்காமல் படித்தாள்.

"ஒரு வீட்டில் ஒரு அம்மா இருந்தார். சாயங்காலம் ஆறு மணியானால் அந்த வீட்டில் டிவி சத்தம் கூடும். அதற்குப் பின்னால் பெல்ட் சத்தம் கேட்கும். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு நாளைக்கு ஆறு அடி. சனிக்கிழமை நாலு அடி, அதுவும் முகத்தில் விழாது. ஞாயிற்றுக்கிழமை அடி கிடையாது. வெளியே போனால் நாலு பேர் பார்ப்பார்கள் அல்லவா? அப்படியென்றால் ஐம்பத்திரண்டு வாரத்துக்கு எத்தனை அடி?"

"ஆயிரத்து எழுநூத்து அறுபத்தெட்டு!" என்று பழக்கதோஷத்தில் ஒரு சிறுமி கத்தினாள். கத்திய பிறகுதான் யாருமே கைதட்டவில்லை என்பதைக் கவனித்து உட்கார்ந்தாள்.

"அடுத்த கேள்வி. அந்த அம்மா..."

"போதும்!" செல்வநாதன் மைக்கைப் பிடுங்கினார். அவள் கையிலிருந்த தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, மேடையிலிருந்து ஒரே தாவலில் இறங்கி வேலுமணியின் சட்டையைப் பிடித்தார்.

அதற்கப்புறம்தான் அந்த அறைகள்.

"நான் இன்னா சார் பண்ணேன்? எதுக்குங்க இப்பிடி அடிச்சிக்கினு இருக்கீங்க?" வேலுமணி எழ முயன்றார். விலாவில் ஓர் உதை விழுந்தது. ரத்தத்தோடு பாதிப் பல்லையும் துப்பினார்.

"எங்கப்பாவ விடுங்க சார்!" என்று மேடையில் அலறிய சத்யப்பிரியாவை ஒரு டீச்சர் இழுத்து அணைத்துக்கொண்டார். "பாவம், பயத்துல அப்பனுக்கே பரிஞ்சு பேசுது."

சாமியம்மாள் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு வந்து புருஷன் மேல் கவிழ்ந்து படுத்தார். அடுத்த மிதி அவர் தோளில் விழுந்தது.

"எம் மேல ஒரு வெரல் வெச்சதில்ல சார் அவுரு!"

"கேட்டுக்குங்க!" செல்வநாதன் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "அடி வாங்குறவ என்னைக்கு வாயத் தொறந்து உண்மையச் சொல்லியிருக்கா?"

ஆமாம் ஆமாம் என்றது கூட்டம்.

"நாலு மாசமா அவுருக்கு செகண்ட் ஷிப்டு சார்! ரெண்டு மணிக்கு மைன்ஸுக்குப் போனா ராத்திரி பத்து மணிக்குத்தான் வெளிய வர்றாரு. ஆறு மணிக்கு வூட்டுக்கு எங்கருந்து வந்து அடிப்பாரு?"

மிதித்துக்கொண்டிருந்த கால்கள் நின்றன. மிதித்த இருவரில் ஒருவர் அதே சுரங்கத்துக்காரர். வேலுமணியின் முகத்தைக் குனிந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

திலகவதி சத்யப்பிரியாவின் அருகில் போய் மண்டியிட்டார். "உண்மையச் சொல்லும்மா. அது உங்க வீட்டுக் கதையா?"

"இல்லைங்க மேடம்."

"கற்பனையா?"

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். "யாருன்னு மட்டும் சொல்ல மாட்டேன் மேடம். சத்தியம் பண்ணியிருக்கேன்."

"பாத்தீங்களா? அப்பன் மிரட்டி வெச்சிருக்கான்!" செல்வநாதனின் குரல் கீச்சிட்டது. ஒரே இழுப்பில் இடுப்பு பெல்ட்டை உருவி ஓங்கினார். சாமியம்மாள் கண்ணை மூடிக்கொண்டார்.

அடி விழவில்லை. அதுவரை மேடையோரம் கையில் சாக்பீஸோடு அசையாமல் நின்றிருந்த டெய்சி இறங்கி வந்து, பெல்ட்டின் மறு நுனியைப் பிடித்திருந்தார். பிடியை விடவில்லை.

"அப்ப அந்த அம்மாதான் யாரு?" திலகவதி மேடையிலிருந்து பொதுவாகக் கேட்டார்.

டெய்சி கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த வேலுமணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நான்தான், மேடம்."