அகல்யாவின் மதிப்பெண் அட்டைகள்

தமிழ்ப் பேராசிரியர் குமரேசன் இறந்த மறுமாதம், அவருடைய காகிதங்களைக் கல்லூரி நூலகத்துக்கு எடுத்துப்போக, உடன் வேலை பார்த்த அன்பழகன் ஆரணி வீட்டுக்கு வந்தார். பாடக் குறிப்புகளையும் கடிதங்களையும் தனித்தனியாகக் கட்டியவர், ஒரு கோப்பை மட்டும் குமரேசனின் மனைவி மணிமேகலையிடம் நீட்டினார்.

“உங்களுக்குப் பொண்ணு இருக்கிறதா சார் சொன்னதே இல்லிங்களே, அக்கா.”

“இருந்துச்சு. மூணு வயசுலயே காய்ச்சல்ல போயிடுச்சு. பன்னெண்டு வருஷம் ஆவுது.”

கோப்பில் அகல்யாவின் பெயரில் மதிப்பெண் அட்டைகள் இருந்தன. ஒன்றாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை, பெற்றோர் கையொப்பமிடும் இடத்திலெல்லாம் மணிமேகலையின் கையெழுத்து இருந்தது. கடைசி எழுத்துக்குக் கீழே அவள் வைக்கும் புள்ளிகூட இருந்தது. அவள் அந்த அட்டைகள் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

பத்தாம் வகுப்பு அட்டையில் காலாண்டு மதிப்பெண்கள் மட்டும் இருந்தன. தேதி, போன வெள்ளிக்கிழமை. கீழே சிவப்பு மையில் ஆசிரியர் எழுதியிருந்தார்: ‘அப்பா இறந்ததிலிருந்து மதியம் சாப்பிடுவதில்லை. திங்கட்கிழமை தாயார் நேரில் வரவும்.’

“யாரோ விளையாடிகினு இருக்காங்க, அக்கா. கிழிச்சிப் போட்டுடுங்க,” என்றார் அன்பழகன்.

திங்கட்கிழமை மதியம், தயிர்சாத டப்பாவோடு மணிமேகலை அட்டையில் பெயர் போட்டிருந்த பள்ளியின் வாசலில் நின்றிருந்தாள். சாப்பாட்டு மணி அடித்தது.