கிளைமாக்ஸ் தெரியாத படம்

தொண்ணூற்றொன்றில் வந்த படங்களில் எதற்கு முதலிடம் என்று தணிகாசலத்தின் வீட்டில் நண்பர்கள் காரசாரமாக மோதிக்கொண்டிருந்தார்கள். முதலிடம் கொடுப்பவர் கிளைமாக்ஸைச் சொல்லியாக வேண்டும். பார்க்காமலே அளந்துவிடுகிறவர்களைப் பிடிக்கத் தணிகாசலம் போட்ட சட்டம் அது. அவன் மனைவி வசுமதியின் ஊர்க்காரனான எட்வின், ஓடாத படம் ஒன்றைச் சொன்னான். மலை ரயில் வரும் படம்.

“கிளைமாக்ஸ்?”

“தெரியாது மாப்ள. பாதியில கரண்ட் போயிருச்சு. மறுநாளே படத்தைத் தூக்கிட்டாங்க.”

எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள். தணிகாசலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் காபி ஆற்றிக்கொண்டே வசுமதியும் அந்தப் படத்தைத்தான் சொல்லியிருந்தாள். முடிவு கேட்டதற்கு, “பாதியில கரண்ட் போயிருச்சுங்க” என்றாள். யாரோடு போனாய் என்று கேட்க அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

வசுமதி பஜ்ஜித் தட்டோடு வந்தாள். எட்வின் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“நான் பார்த்திருக்கேன்” என்றான் தணிகாசலம். அவன் அந்தப் படத்தின் போஸ்டரைக்கூடப் பார்த்ததில்லை. “கடைசி ரயிலும் போயிரும். அவன் ஸ்டேஷன்லயே நிப்பான். அந்தப் பொண்ணு வரவே மாட்டா.”

தட்டை நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

“அப்படியா?” என்றார்கள் இருவரும், ஒரே மூச்சில்.